ஜனவரி ஊட்டிக் குளிருக்கு அப்பாவுக்கும் மகளுக்கும் எந்த ஸ்லீப்பிங் பேக்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஜனவரி இரண்டாவது வாரம் ஊட்டியில் 2 ராத்திரி டென்ட்டில் தங்கப் போகிறோம். அந்த மாதம் அங்கே புல்மேல் உறைபனி படியும். அப்பாவுக்கு வயது 68, மகளுக்கு 7.

போன மாதம் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் 2 பேக் வாங்கினேன். மம்மி வடிவம் (உடம்போடு ஒட்டி, கால்பக்கம் குறுகியது), செயற்கைப் பஞ்சு. லேபிளில் கம்ஃபர்ட் (நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்) 10 டிகிரி, லிமிட் 5. "5 வரைக்கும் தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கிற அளவுதான், பெரியவருக்கும் குழந்தைக்கும் கம்ஃபர்ட்டைத்தான் பார்க்கவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தோம். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் குளிர் தாங்குமா என்று எப்படித் தெரியும்? ஆனால் அப்பாவுக்கு மூட்டுவலி, காலை மடக்கவே இடமில்லை. நடுராத்திரி எழுந்தபோது ஜிப் உள்துணியைக் கடித்துக்கொண்டது, அவர் பதறிப்போனார். மகளுக்குக் கால்பக்கம் இரண்டடி காலி, அது சூடேறாது. மடித்துக் கயிறு கட்டினேன், புரண்டதும் அவிழ்ந்தது. ஃப்ளீஸ் லைனர் (பேக்குக்குள் போடும் கதகதப்பான துணி உறை) போட்டால் அப்பாவுக்கு இன்னும் இறுக்கம்.

ஜனவரியில் அங்கே டென்ட்டில் தங்கியவர்கள் சொல்லுங்கள்: அடியில் நல்ல மேட், மேலே கம்பளி என்று இதையே வைத்துச் சமாளிக்கலாமா, இல்லை அப்பாவுக்குக் கம்ஃபர்ட் 0 டிகிரியில் செவ்வக பேக்கும் மகளுக்குச் சிறுவர் அளவும் புதிதாக வாங்கியே ஆகவேண்டுமா?