மூட்டையில் என்ன வைப்பது?

குழு: ஆயா வீட்டுப் பிள்ளைகள்

5 ஆகஸ்ட் 2023, சனி

காலை 7:10
நான்: எல்லோருக்கும் வணக்கம். மணிப்பூரில் மே மாதம் மெய்தெய், குக்கி மக்களுக்கு இடையே மூண்ட கலவரத்தில் வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் முகாம்களுக்கு அனுப்ப நம் தெருவில் துணி சேர்க்கிறோம். நேற்று இரவு வரை ஏழு மூட்டை ஆகிவிட்டது. பழைய சேலை, சட்டை, ஸ்வெட்டர் எது இருந்தாலும் வியாசர்பாடி வீட்டில் கொடுத்துவிடுங்கள். நம் முதல்வரும் 10 கோடி ரூபாய்க்குப் பொருள் அனுப்பத் தயார் என்று போன திங்கட்கிழமை மணிப்பூர் முதல்வருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

காலை 7:22
பெரியம்மா: நல்ல காரியம் கண்ணு. பீரோவில் பத்துச் சேலை கட்டாமல் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்.

காலை 7:41
குவாஹாத்தி அக்கா: தம்பி, கோபித்துக்கொள்ளாதே. துணி சேர்ப்பதை இன்றோடு நிறுத்திவிடு. மே கடைசியில் இம்பாலில் ஒரு முகாமுக்குப் போனேன். கல்லூரிக் கட்டடம். வராந்தாவில் இடுப்பு உயரத்துக்குப் பழைய துணி. மழைச் சாரல் பட்டு அடியில் எல்லாம் பூஞ்சை. கோட்டு, கல்யாண ஷெர்வானி, ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடந்தது. அதைப் பிரிக்கவே இரண்டு பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கலாம்.

காலை 7:44
குவாஹாத்தி அக்கா: நீ சொன்ன அரசுக் கடிதத்தின் பட்டியலையே பார். தார்ப்பாய், படுக்கை விரிப்பு, கொசுவலை, மருந்து, சானிட்டரி நாப்கின், குடை, பால் பவுடர். பழைய துணி என்று ஒரு வரியும் இல்லை.

காலை 8:05
திருச்சி பெரியப்பா: மகள் சொல்வது சரி. 1965-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து மெட்ராசில் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தின வருஷமே 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று பர்மாவின் நே வின் அரசு அறிவித்துவிட்டது. அப்பா கடையில் சேர்த்து வைத்ததெல்லாம் காகிதமாகிப் போனது. முகாமில் யாரோ தர்மமாகக் கொடுத்த கால்சட்டை, என் இடுப்புக்கு இரண்டு மடங்கு. அம்மா கயிற்றுத் துண்டால் கட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு கையால் எப்போதும் இடுப்பைப் பிடித்திருப்பேன். ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிறது, அந்தக் கயிறு உறுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் அளவு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

காலை 8:09
நான்: மன்னியுங்கள் பெரியப்பா. எனக்கு இது தோன்றவே இல்லை.

காலை 8:30
அம்பத்தூர் மாமா: அப்படியானால் பணமாகச் சேர்ப்போம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிப்பூரில் பர்மா எல்லையில் இருக்கும் மோரேயில் நம் தமிழர்கள் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் போகட்டும். மெய்தெய், குக்கி இருவருக்கும் அவரவர் ஆட்கள் உண்டு. நமக்கு யார் இருக்கிறார்கள்?

காலை 8:31
அம்பத்தூர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காலை 8:33
குவாஹாத்தி அக்கா: மாமா, அந்த வீடியோவை நீக்கியதற்கு நன்றி. எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத எதையும் இந்தக் குழுவில் போட வேண்டாம். அங்கே பாதித் தீயை மூட்டியதே வதந்திதான்.

காலை 9:02
மோரே சித்தி: அண்ணே, இப்போதுதான் எல்லாம் படித்தேன். உங்கள் அக்கறை எனக்குத் தெரியாதா? உங்கள் வீட்டில்தானே மூன்று மாதமாகப் பிள்ளைகளோடு சாப்பிடுகிறேன். ஆனால் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

காலை 9:15
மோரே சித்தி: மே 3 சாயங்காலம் குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். இரண்டு விசில் வந்தது. பஜார் பக்கம் புகை. பெரியவன் ஓடிவந்து "கிளம்பு அம்மா" என்றான். என்ன எடுப்பது என்று தெரியவில்லை அண்ணே. நகைப் பெட்டி பீரோவில், பத்திரம் மெத்தைக்கு அடியில். நான் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சூடு தாங்காமல் முந்தானையைச் சுற்றிப் பிடித்திருந்தேன். பாதுகாப்புப் படை முகாமில் போய் உட்கார்ந்த பிறகுதான் கையில் குக்கர் இருப்பதே புத்தியில் உறைத்தது. அந்த அரைவேக்காட்டுப் பருப்பைத்தான் அன்று இரவு பதினொரு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதில் நம் பிள்ளைகள் இரண்டு பேர். மீதி எல்லாம் மெய்தெய்ப் பிள்ளைகள். சின்னவனுக்கு ஆனா ஆவன்னாவுக்கு முன்னாலேயே மெய்தெய் எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர் வீடு அன்றே எரிந்துவிட்டது. இப்போது இம்பாலில் முகாமில் இருக்கிறார்.

காலை 9:21
மோரே சித்தி: மறுநாள் மெத்தைக்கு அடியிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்து கொடுத்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக் குக்கி அக்கா. ரவிக்கைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். இம்பாலில் இருந்த அவர் தங்கை குடும்பம் உயிர் பிழைத்து ஓடிவந்து அவர் வீட்டில் இருக்கிறது. மூன்று அறையில் பதினாறு பேர். அவர்கள் முகாமில் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. அரிசி வண்டி அந்த வாசலில் நிற்காது. நம் பணத்திலிருந்து இவருக்குக் கொடுக்காமல், டீச்சருக்குக் கொடுக்காமல், எனக்கு மட்டும் என்றால் நான் வாங்க மாட்டேன் அண்ணே.

காலை 9:40
அம்பத்தூர் மாமா: சரி தங்கச்சி. நீ சொன்னால் சரி. நான் 10,000 போடுகிறேன். எங்கே போக வேண்டும் என்று நீயே சொல்.

காலை 9:52
குவாஹாத்தி அக்கா: சித்தி சொன்ன விஷயம் ரொம்ப முக்கியம். 50,000 பேருக்கு மேல் முகாம்களில் இருக்கிறார்கள் என்பது வெளியில் தெரிந்த கணக்கு. சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள் அதில் வருவதில்லை. மிசோரத்துக்குப் போனவர்களே 12,000-க்கு மேல். அவர்களிலும் பலர் உறவினர் வீட்டில்தான். மூன்று மாதம் சோறு போட்ட வீடும் இப்போது கடனில்தான் இருக்கும்.

காலை 10:03
நான்: அக்கா, அப்படியானால் என்ன வாங்கலாம்? நீயே பட்டியல் கொடு.

காலை 10:20
குவாஹாத்தி அக்கா: பட்டியலை நான் கொடுத்தால் அதுவும் பெரியப்பாவின் கால்சட்டை மாதிரிதான். கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு எப்படியோ வந்துவிடுகிறது. மூன்று மாதமாக அதே மூன்றுதான். யாரும் வாய்விட்டுக் கேட்காதது உள்ளாடை. பெண்களிடம் தனியாகப் பேசினால்தான் சொல்வார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. மூக்குக் கண்ணாடி, ஓடும்போது யார் அதை எடுத்தார்கள்? மூடி போட்ட வாளி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று உலகம் முழுக்க ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கே கழிப்பறை வாசலில் வாளிகள் வரிசையில் நின்றன. ஆட்கள் தூங்கப் போய்விட்டார்கள், வாளி இடம் பிடித்து நின்றது.

காலை 10:31
மோரே சித்தி: சேலையைத் தூக்கிப் போட்டுவிடாதே கண்ணு. அங்கே பெண்கள் கட்டுவது லுங்கி மாதிரி இடுப்பில் சுற்றும் ஃபனெக். சேலை கட்ட மாட்டார்கள், அது சரி. ஆனால் முகாமில் ஒரே ஹாலில் முப்பது குடும்பம். உடை மாற்ற, பிள்ளைக்குப் பால் கொடுக்க மறைவு கிடையாது. நைலான் கயிறு கட்டி அதன்மேல் எதையாவது தொங்கவிடுவோம். ஐந்தரை கஜம் பருத்திச் சேலை என்றால் ஒரு சுவர் முழுக்க வரும். சில்க் வழுக்கி விழுந்துவிடும்.

காலை 10:34
குவாஹாத்தி அக்கா: இது எனக்கும் தெரியாது சித்தி.

காலை 10:40
பெரியம்மா: என் பத்தும் சுங்குடிதான். துவைத்து, தேய்த்துத் தருகிறேன்.

6 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

இரவு 8:15
நான்: இன்று வரை ரூ. 48,500. பருத்திச் சேலை 34. மற்ற துணியைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியப்பாவின் கதையைச் சொன்னதும் ஒருவர் 500 ரூபாய் கொடுத்தார்.

இரவு 8:32
குவாஹாத்தி அக்கா: சந்தோஷம். வழியைச் சொல்கிறேன், கேள். ஒரே மாநிலம் என்றாலும் இப்போது அது மெய்தெய் பக்கம், குக்கி பக்கம் என்று இரண்டு ஊர். இம்பாலுக்கு விமானமும் உண்டு, திமாபூர் வழியாக லாரியும் உண்டு. குக்கி மக்கள் இருக்கும் சூராசாந்த்பூர் இம்பாலிலிருந்து 60 கிலோமீட்டர்தான். ஆனால் குக்கி மக்கள் இம்பால் வழியாகப் போக முடியாது. மிசோரத்தில் ஐஸ்வாலில் இறங்கி மலைப் பாதையில் நாள் முழுக்கப் போக வேண்டும். இரு பக்கமும் போய் வரக்கூடியவை, இரு தரப்பிலும் சேராத பங்கல் என்னும் மணிப்பூர் முஸ்லிம்கள் ஓட்டும் வண்டிகள். அந்த டிரைவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். ஆகவே சென்னையிலிருந்து கனமான எதையும் அனுப்பாதே. வாளியும் மாத்திரையும் இங்கே வாங்கிக்கொள்கிறேன். சேலையும் கண்ணாடியும் மட்டும் ரயிலில் போடு.

இரவு 8:40
நான்: கண்ணாடி பாரிமுனையில் மொத்த விலையில் கிடைக்கும் அக்கா. என்ன பவர்?

இரவு 8:44
குவாஹாத்தி அக்கா: படிக்கிற கண்ணாடி ஒன்றரை, இரண்டு, இரண்டரை. ஒவ்வொன்றிலும் இருபது. அப்புறம் ஒரு விஷயம். வாங்குகிறவர்கள் முகம் தெரிகிற படம் எதையும் நான் அனுப்ப மாட்டேன். பில் அனுப்புகிறேன்.

இரவு 9:01
மோரே சித்தி: மோரேயில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் பேசினேன். ஜூலை 26-ல் பஜாரில் ஆளில்லாத வீடுகளைக் கொளுத்தியபோது நம் வீட்டுப் பின்சுவர் வரை வெப்பம் வந்ததாம். மே 3 முதல் அங்கே மொபைல் நெட்டை நிறுத்திவிட்டதால் இது எதையும் அவரால் பார்க்க முடியாது. நான் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். டீச்சர் குடும்பத்துக்கு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "முதலில் அவருக்கு" என்றார்.

27 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

மாலை 5:20
குவாஹாத்தி அக்கா: (படம்: நாலு பில்) இம்பால் முகாமில் கொடுத்தாயிற்று. டீச்சரைப் பார்த்தேன் சித்தி. முகாமில் ஒரு மூலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். கரும்பலகை கிடையாது, அட்டைப் பெட்டியைப் பிரித்து அதில் எழுதுகிறார். கண்ணாடி போட்டதும் சுவரில் இருந்த காலண்டரைத்தான் முதலில் படித்தார். மே மாதத்தாளைக் கிழிக்காமலே இருந்தது. மோரேக்குப் போகிற பெட்டியை இம்பாலுக்கு வந்து போகும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

மாலை 5:48
மோரே சித்தி: பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

மாலை 5:50
குவாஹாத்தி அக்கா: சின்னது உங்கள் பருப்பைக் கேட்டது.

23 செப்டம்பர் 2023, சனி

இரவு 9:36
மோரே சித்தப்பா: நெட் வந்துவிட்டது. நான்தான். எல்லோரும் நலமா?

இரவு 9:37
நான்: சித்தப்பா!

இரவு 9:37
திருச்சி பெரியப்பா: தம்பி, 143 நாள் ஆயிற்று. எப்படி இருக்கிறாய்?

இரவு 9:44
மோரே சித்தப்பா: இருக்கிறேன் அண்ணே. வாட்ஸ்அப்பில் கடைசி ஒரு மாதத்துச் செய்திதான் இறங்குகிறது. அதற்கு முந்தியது எதுவும் வரவில்லை. பில் மட்டும் தெரிகிறது. துணி விஷயமாக நீங்கள் பேசியதெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். பெட்டி முழுசாக வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மூன்று அறை இப்போது ஆறு அறை. சுங்குடிச் சேலை வழியாக வெளிச்சம் வருகிறது, காற்றும் வருகிறது என்றார்.

இரவு 9:47
மோரே சித்தப்பா: இரண்டரைக் கண்ணாடி தீர்ந்துவிட்டது. இன்னும் ஐந்து பேர் கேட்கிறார்கள். அந்த அக்காவின் தங்கைக்குப் போன வாரம் பிரசவம். இன்னும் இரண்டு சேலை கிடைத்தால் ஒரு மூலையை மறைக்கலாம், ஒன்றில் தூளி கட்டலாம். கயிறு இங்கேயே வாங்கிக்கொள்கிறோம்.

இரவு 9:49
பெரியம்மா: தூளிக்கு என்றால் பழையதுதான் மெத்தென்று இருக்கும். நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள் கண்ணு.