மறுப்பும் திசைதிருப்பலும்: நம்பவைப்பதற்கா, நாள் கடத்துவதற்கா?

வைகறை (கேள்வி):
அன்புடையீர், கடந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். தணிக்கை அறிக்கையில் இருந்த ஒரே ஒரு தொகையைப் பற்றி நெறியாளர் நான்கு முறை கேட்டார். கட்சிப் பேச்சாளர் முதல் முறை அப்படியோர் அறிக்கையே இல்லை என்றார்; இரண்டாம் முறை, அறிக்கை உண்டு, ஆனால் திரிக்கப்பட்டது என்றார்; மூன்றாம் முறை எதிரே இருந்தவரிடம் திரும்பி, "உங்கள் ஆட்சியில் நடக்காததா?" என்றார். நான்காம் முறை கேட்டபோது அரங்கமே வேறு எதற்காகவோ கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. பதில் எழுத நான் விட்டிருந்த இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலையை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்?

பழைய நாளிதழ்:
மறுப்பு நம்பப்பட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. குறிப்பிட்ட ஒரு நாள் வரை அது தாக்குப்பிடித்தால் போதும். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஆட்கள் பிடிபட்டபோது, அதை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ஒதுக்கித் தள்ளினார். நவம்பரில் நடந்த தேர்தலில் அமெரிக்க அதிபர் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். அவர் பதவி விலக 1974 ஆகஸ்ட் வரை ஆயிற்று. உக்ரைனிடமிருந்து ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட கிரிமியாவிலும் இதையே பார்க்கலாம். அடையாளச் சின்னம் இல்லாத சீருடையில் நின்றவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர் என்று 2014 மார்ச் 4 அன்று புதின் சொன்னார்; மார்ச் 18-இல் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது; ரஷ்யப் படையினர் அங்கே இருந்ததை ஏப்ரல் 17-இல் அவரே ஒப்புக்கொண்டார். உண்மை வெளிவந்தபோது அதனால் தடுக்கக்கூடியது எதுவும் மிச்சமில்லை. ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பதை இவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

அலைவரிசை:
மறுப்பு வாங்கித் தரும் நாட்களை நிரப்புவதுதான் திசைதிருப்பலின் வேலை. முன்பு செய்தியை மறைக்க நாள் பார்ப்பார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட சற்று நேரத்திலேயே, புதைக்க வேண்டிய செய்திகளை வெளியிட இது மிக நல்ல நாள் என்று பிரிட்டனில் ஓர் அமைச்சரின் ஆலோசகர் மின்னஞ்சல் அனுப்பினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. இப்போது அப்படி நாள் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை, இரைச்சலைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். சீன அரசின் சார்பில் ஆண்டுக்குச் சுமார் 44 கோடியே 80 லட்சம் சமூக ஊடகப் பதிவுகள் இடப்படுவதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விமர்சகர்களோடு வாதாடுவது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. பெரும்பாலானவை நாட்டைப் புகழ்ந்து பேச்சை மாற்றுபவையாகவே இருந்தன. வாதாடினால் கேள்வி உயிரோடு இருக்கும் அல்லவா?

ஒற்றை வரி:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. 1998 ஆகஸ்ட் 17-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் தம் தகாத உறவை ஒப்புக்கொண்டார்; மூன்றே நாளில் ஆப்கானிஸ்தான், சூடான் மீது ஏவுகணைகள் பாய்ந்தன. திசைதிருப்பல் என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அதே மாதம் 7-ஆம் தேதி நைரோபி, தார் எஸ் சலாம் நகரங்களில் இருந்த அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 200-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். நாட்கள் அடுத்தடுத்து வந்ததை வைத்து மட்டும் நோக்கத்தை நிறுவ முடியாது. தவிர, "இந்தக் குற்றச்சாட்டே திசைதிருப்பும் முயற்சி" என்பது இன்று ஆட்சியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் முதல் மறுப்பு. அச்சொல்லை நாம் மலிவாக்கினால் அவர்களுக்குத்தான் வசதி. நோக்கத்தைத் துருவுவதை விட்டுவிட்டு, கேட்ட கேள்வியிலேயே நிற்பது மேல். 1997 மே மாதம் பிபிசியில் பேட்டியாளர் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்து முறைக்கு மேல் கேட்டார். நேரான பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்பதை நாடே பார்த்தது.

வைகறை:
மூவருக்கும் நன்றி. அந்தத் தாளில் விவாதம் நடந்த தேதியையும், நான்கு பதில்களையும் சொன்ன வரிசையிலேயே எழுதி வைத்துவிட்டேன். அந்தத் தொகை பற்றிய கேள்வியை நெறியாளருக்கு இன்று மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.