பெர்சபொலிஸுக்கு மூன்று ஸ்டார் போதுமா?

கரிக்கோடு:
பெர்சபொலிஸ் படித்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். ஈரானில் 1979 புரட்சிக்கும் ஈராக் போருக்கும் நடுவே வளர்ந்த மர்ஜானே சத்ரபி தன் கதையைத் தானே எழுதித் தானே வரைந்த படக்கதைப் புத்தகம். பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக வந்தது, ஆங்கிலத்தில் இரண்டு பாகமானது, தமிழிலும் விடியல் பதிப்பகம் கொண்டுவந்தது. படக்கதை என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று சொல்கிற யாருக்கும் நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான்.

வாசகர்கள் புத்தகங்களுக்கு ஸ்டார் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இதற்கு வந்திருக்கும் மதிப்புரைகளை உட்கார்ந்து படித்தேன். கொண்டாடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மூன்று, இரண்டு ஸ்டார் போட்டவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: முதல் பாகத்தில் குழந்தை மார்ஜி, அதாவது சின்ன வயது சத்ரபி, அழகு, இரண்டாம் பாகத்தில் அவளைப் பிடிக்கவில்லை. வியன்னாவுக்குப் போய்க் கெட்டுப்போகிறாள், போதைப்பொருள் விற்கிறாள், பொய் சொல்கிறாள், திரும்பி வந்து அவசரக் கல்யாணம் செய்கிறாள், அதனால் ஸ்டார் கட். ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒளிக்காமல் சொன்னதற்கு மதிப்பெண் குறைப்பார்களா? பரீட்சைத் தாளா இது?

தேநீர்வாசகன்:
மூன்று ஸ்டார் போட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் பதில் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம். குட்ரீட்ஸின் கணக்குப்படி மூன்று என்றால் "பிடித்திருந்தது" என்று அர்த்தம். இரண்டு என்றால்கூட "பரவாயில்லை"தான். ஒன்று மட்டும்தான் பிடிக்கவில்லை. ஐந்துக்குக் கீழே எது போட்டாலும் அவமானம் என்று நாம்தான் பழகிவிட்டோம். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு ஐந்து குத்தாவிட்டால் அவன் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று பயந்து குத்துகிறோமே, அந்தப் பழக்கத்தைப் புத்தகத்துக்கும் கொண்டுவர வேண்டியதில்லை.

அப்புறம், எனக்கு மார்ஜியைப் பிடிக்காமல் போகவில்லை. இரண்டாம் பாகம் இழுவை, அதுதான் என் குறை. வியன்னாவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு, ஒரு நண்பர் கூட்டத்திலிருந்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. முதல் பாகத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்: முக்காடு, சாவி, பாஸ்போர்ட், சிகரெட். இரண்டாம் பாகத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது, வர்க்கம். அதைப் பற்றி யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். ஈரானை முன்பு ஆண்ட காஜார் அரச வம்சத்துப் பேத்தி, வீட்டில் வேலைக்காரப் பெண், மகளை ஐரோப்பாவுக்கு அனுப்பும் வசதி. இந்தக் கண்ணாடி வழியாகத்தான் ஈரான் முழுவதையும் பார்க்கிறோம்.

முல்லைநிலம்:
நான் இரண்டு பேரோடும் சேரமாட்டேன். தன்வரலாற்றுக்கு ஸ்டார் போடுவதே எனக்கு ஒப்பவில்லை. முதல் பாகத்தில் அந்த ஏவுகணை அத்தியாயம் நினைவிருக்கிறதா? பக்கத்து வீடு தரைமட்டமாகியிருக்கும். அம்மா மார்ஜியின் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போவார். இடிபாட்டுக்குள் நீல மணி வளையல் ஒன்று தெரியும், அது இன்னும் எதனுடனோ ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுப் பெண் நேடாவுக்குப் பிறந்தநாள் பரிசாக அவள் அத்தை கொடுத்த வளையல். மார்ஜி வாயைப் பொத்துகிறாள், கண்ணைப் பொத்துகிறாள், அடுத்த கட்டம் முழுக் கறுப்பு. உள்ளே ஒன்றுமே வரையவில்லை. இதைப் படித்து முடித்துவிட்டு நான்கா ஐந்தா என்று யோசிக்க எப்படி மனம் வருகிறது? செத்துப்போன ஒரு பிள்ளைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

தேநீர்வாசகன்:
அக்கா, நேடாவுக்கு யாரும் ஸ்டார் போடவில்லை. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் போடுகிறோம். அங்கே கறுப்பு போதும் என்று முடிவெடுத்தது ஒரு கலைஞர், அந்த முடிவு சரியா தப்பா என்று பேசலாம். பேசக்கூடாது என்றால் துயரம் எழுதிய எந்தப் புத்தகத்தையும் விமர்சிக்க முடியாமல் போய்விடும். நாளைக்கு யாராவது தன் சோகத்தை மோசமாக எழுதி அச்சடித்தால் அதற்கும் தலை குனிந்து ஐந்து போட வேண்டியதுதான்.

கரிக்கோடு:
இந்த ஒரு இடத்தில் தேநீர்வாசகனோடு ஒத்துப்போகிறேன். வரைந்த விதத்தைப் பேசாமல் வெறும் துயரத்தை மட்டும் கும்பிட்டால் சத்ரபிக்கு நாம் செய்யும் மரியாதை பாதிதான். "கோட்டோவியம் ரொம்ப எளிமை, பள்ளிப் பிள்ளை வரைந்த மாதிரி" என்றும் நிறைய பேர் ஸ்டார் குறைத்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். புரட்சிக்கு முன் ஈரானை ஆண்ட மன்னர் ஷாவின் சிறையிலிருந்து வெளியே வந்த இரண்டு பேர் மார்ஜியின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, உள்ளே நடந்த சித்திரவதைகளைச் சொல்கிறார்கள். குழந்தை பக்கத்தில் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. ஒருவரைத் துண்டு துண்டாக வெட்டினார்கள் என்று கேட்டதும் அவள் மனதில் ஒரு படம் வருகிறது: தலை தனி, கை தனி, கால் தனி, உள்ளே ரத்தமும் இல்லை, சதையும் இல்லை, பொம்மையைக் கழற்றி வைத்த மாதிரி வெற்றுக்கூடு. உடம்பை வெட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று அந்த வயதுக்குத் தெரியாது. அதைத் தத்ரூபமாக வரைந்திருந்தால் அது பெரியவர் வரைந்த படமாகியிருக்கும், குழந்தையின் தலைக்குள் நாம் போயிருக்கவே முடியாது. பிறகு வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து, இதை வைத்தும் மனிதரைச் சுடலாமா என்று திகைக்கிறாள். எளிமை என்று ஸ்டார் குறைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேறு எப்படி வரையச் சொல்வார்கள்?

2013-ல் சிகாகோ அரசுப் பள்ளிகளில் இந்தப் புத்தகத்தை வகுப்பிலிருந்து எடுக்கச் சொன்னபோது, காட்டிய காரணங்களில் சித்திரவதைப் படங்களும் ஒன்று. மாணவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். வெறும் கோட்டுப் படம் நிர்வாகத்தை அந்த அளவுக்குப் பயமுறுத்தியிருக்கிறது.

நூலகப்பூனை:
உள்ளே வரலாமா? ஸ்டார் பற்றி மட்டும் சொல்கிறேன். இணையக் கடையில் ஒரு புத்தகத்துக்கு ஒரு ஸ்டார் விழுந்திருக்கும், திறந்து பார்த்தால் "அட்டை மடங்கி வந்தது, பார்சல் சரியில்லை" என்று இருக்கும். 2023-ல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவில் நடக்கும் ஒரு நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும் நேரத்தில் இதுவா என்ற கோபத்தில் குட்ரீட்ஸில் ஒற்றை ஸ்டார் கொட்டியது, அவரும் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். ஒரு பக்கம்கூட யாரும் படித்திருக்கவில்லை, ஏனென்றால் புத்தகமே வரவில்லை. அந்தக் கோபம் நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. அட்டை மடங்கியதும், போர்க் கோபமும், வியன்னா அத்தியாயம் நீளம் என்பதும் எல்லாம் ஒரே சராசரிக்குள் போய் ஒரு தசம எண்ணாக வெளியே வருகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறோம். எனக்கு அதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. மதிப்புரை எழுதுகிறவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் படிப்பேன்.

கரிக்கோடு:
நூலகப்பூனை சொல்வது சரிதான், ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான், அதனால் அதை அப்படியே விட்டுவிடவும் முடியாது. நான் முதலில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் பாகத்தில் மார்ஜியை வெறுக்க வைக்கும் காட்சி எது? உதட்டுச்சாயக் காட்சி. டெஹ்ரானில் காதலன் ரேசாவுக்காகக் காத்து நிற்கிறாள், முகத்தில் ஒப்பனை, அதைக் குற்றம் என்று பிடிக்கும் காவலர்கள் ரோந்து வருகிறார்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் அவளே அவர்களிடம் போய், அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்னிடம் அசிங்கமாகப் பேசினான் என்று புகார் சொல்கிறாள். ஒரு பாவமும் அறியாதவனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். அவளும் ரேசாவும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்தப் பாட்டி, உள்ளாடைக்குள் மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளும் அந்த அருமையான பாட்டி, கொதித்துப்போகிறார். உன் தாத்தா எதற்காகச் சிறையில் கிடந்தார், உன் மாமா அனூஷ் எதற்காகச் செத்தார் என்று கேட்டுவிட்டுப் பேத்தியோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்.

இந்தச் சம்பவம் நடந்தது நமக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. சத்ரபி எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. கொடுங்கோல் ஆட்சிக்கு எதிராக நின்ற வீரப்பெண் என்று மட்டும் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோபக்காரர்கள் எல்லாரும் ஐந்து போட்டிருப்பார்கள். ஒடுக்குகிறவன் கையில் இருக்கும் ஆயுதத்தை ஒடுக்கப்படுகிறவளும் பயத்தில் எடுத்து இன்னொருவன்மேல் வீசிவிடுவாள் என்பதை, வீசியவளே வரைந்து காட்டுகிறாள். புத்தகத்திலேயே தைரியமான இடம் அது. ஸ்டார் குறையும் இடமும் அதுவே.

நாஜி வதைமுகாம் பற்றிய மௌஸ் என்ற படக்கதையில் ஆர்ட் ஸ்பீகல்மேன் தன் அப்பாவைக் கஞ்சனாகக் காட்டுகிறார், வதைமுகாமிலிருந்து தப்பி வந்த மனிதர் கறுப்பின ஆளை வண்டியில் ஏற்றியதற்குக் கத்துவதையும் காட்டுகிறார். அதை நேர்மை என்று எல்லாரும் புகழ்கிறோம், 1992-ல் புலிட்சரின் சிறப்பு விருதும் கிடைத்தது. பெண் தன்னைப் பற்றியே அதைச் செய்தால் மட்டும் "கதாநாயகி பிடிக்கவில்லை".

தேநீர்வாசகன்:
நல்ல வாதம், உதட்டுச்சாயக் காட்சி எனக்கும் புத்தகத்தில் மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. ஆனால் நீங்கள் வேறு யாருக்கோ பதில் சொல்கிறீர்கள். நான் கேட்டது வர்க்கம் பற்றி.

வேலைக்காரப் பெண் மெஹ்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். பக்கத்து வீட்டுப் பையனைக் காதலிக்கிறாள், எழுதத் தெரியாததால் மார்ஜிதான் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். இடதுசாரி அப்பா நேரே அந்தப் பையனிடம் போய், அவள் என் மகள் இல்லை, வேலைக்காரி என்று சொல்லிக் காதலை முடித்துவைக்கிறார். அற்புதமான அத்தியாயம். ஆனால் அதற்குப் பிறகு மெஹ்ரி எங்கே போனாள்? கதையை விட்டே போய்விடுகிறாள். மார்ஜிக்கு வியன்னா இருந்தது, மெஹ்ரிக்கு என்ன இருந்தது? எனக்கு அந்த இரண்டு ஸ்டார் அங்கேதான் போனது.

கரிக்கோடு:
அப்படியானால் சாவிப் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். ஏழைப் பையன்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் சாவி கொடுக்கிறார்கள், போரில் செத்தால் சொர்க்கத்தின் கதவு திறக்கும் என்று. வீட்டு வேலைக்கு வரும் நஸ்ரீன் அம்மாவின் மகனுக்கும் ஒன்று கிடைக்கிறது. அந்தப் பக்கத்தின் மேல் பாதியில் கண்ணிவெடியில் சிதறும் பையன்கள், கழுத்தில் சாவி, முகமே இல்லாத கறுப்பு உருவங்கள். கீழ்ப் பாதியில் மார்ஜி முதல் தடவையாகப் பார்ட்டிக்குப் போகிறாள், ஓட்டை ஓட்டையாகப் பின்னிய ஸ்வெட்டர், எல்லாரும் துள்ளுகிறார்கள். மேலே பறக்கும் உடம்புகளும் கீழே குதிக்கும் உடம்புகளும் ஒரே வளைவில் இருக்கின்றன. மேலே ஓரிரு வரிதான், மீதியைப் படமே சொல்லிவிடுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை தன் வசதியைப் பற்றி இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வாள்?

தேநீர்வாசகன்:
சொல்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் சாகிறவர்களுக்கு முகம் இல்லை, ஆடுகிறவளுக்கு முகம் இருக்கிறது. அதைக் கவனித்து வரைந்ததும் முகம் உள்ளவள்தான். தன் வசதியை அறிந்திருப்பது பெரிய விஷயம், அதற்காக என் கேள்வி தீர்ந்துவிடாது.

முல்லைநிலம்:
முகம் இல்லாமல் வரைந்ததைத்தான் நான் நியாயம் என்பேன். அந்தப் பையன்களை அவளுக்குத் தெரியாது. தெரியாத முகத்தைக் கற்பனையாக வரைந்து அவர்களுக்காக அழுதிருந்தால் அது பொய்யாகியிருக்கும். தான் பார்த்ததை மட்டும் சொல்வதுதானே தன்வரலாறு? மெஹ்ரியின் கதையை மெஹ்ரி சொல்ல வேண்டும். அவளுக்கு எழுதத் தெரியாமல் போனதற்குக் காரணமானவர்களிடம் கோபப்படுங்கள், தம்பி. இந்த மாதிரி இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பேசுவதைப் படிக்கத்தான் எனக்குப் பிடிக்கிறது, இதில் எங்கே ஸ்டார் தேவைப்பட்டது?

நூலகப்பூனை:
அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். வாசிக்காதவர்கள் இந்த இழையைப் பார்த்துவிட்டு வாங்குவார்கள். இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாங்குங்கள். அனூஷ் மாமா சிறையில் ரொட்டியைப் பிசைந்து செய்து கொடுத்த அன்னப்பறவையோடு நிறுத்திக்கொண்டால், வியன்னாவில் பனிக்காலத்தில் டிராமில் தூங்கி, ரத்தமாக இருமி, அப்புறம் முக்காட்டை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறவளைத் தெரியாமலே போய்விடும்.

கரிக்கோடு:
தேநீர்வாசகன், மூன்றை ஐந்தாக்குங்கள் என்று கேட்கமாட்டேன். உங்கள் மதிப்புரையில் இப்போது இருப்பது "முதல் பாகம் சூப்பர், இரண்டாம் பாகம் இழுவை" என்ற ஒரே வரி. மெஹ்ரி பற்றி இங்கே எழுதினீர்களே, அதை அங்கேயும் போடுங்கள். மூன்று ஸ்டார் ஏன் என்று படிக்கிறவருக்கு அப்போதுதான் புரியும்.

தேநீர்வாசகன்:
போடுகிறேன். சாவிப் பக்கத்தையும் உங்கள் வாதத்தோடு சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் "இழுவை" அங்கேயேதான் இருக்கும். அந்த வியன்னா நண்பர் கூட்ட அத்தியாயங்களை இன்னொரு முறை படித்துவிட்டு வந்து நீங்களே சொல்லுங்கள், பேசலாம்.