சிறு தீவுக்கு ஓர் அறக்கட்டளை: மூலதனத்தைத் தொடலாமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் தீவில் எழுபது குடும்பங்கள்தான் இருக்கின்றன. கடல் கொந்தளித்தால் நாள்கணக்கில் படகு வராது. பிழைப்புக்காக வெளியேறியவர்கள் ஒன்றுசேர்ந்து ஊருக்காக ஓர் அறக்கட்டளை தொடங்க முனைந்திருக்கிறோம். முதல் கூட்டத்திலேயே இழுபறி. படகுத்துறை இடிந்து கிடக்கிறது, வரும் பணத்தை அதில் போடுவோம் என்கிறார்கள் சிலர். முதலை (மூலதனத்தை) தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவோம் என்கிறார்கள் மற்றவர்கள். அதிகம் கொடுப்பவர்களே அறங்காவலர்களாக இருக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1:

படகுத்துறை அரசு கட்டித்தர வேண்டியது. அதை நீங்களே கட்டிவிட்டால் அடுத்த முறை இடியும்போதும் உங்களைத்தான் கைகாட்டுவார்கள். மனு கொடுப்பதற்கும் பொறியாளரின் மதிப்பீட்டுக்கும் ஆகும் செலவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறக்கட்டளையைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கும் வரை யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

பதில் 2:

ஒரு சிறு அறக்கட்டளையின் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். முதலைத் தொடக்கூடாது என்பவர்கள் பக்கம்தான் நான். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டால் அடுத்த பருவத்துக்கு என்ன செய்வது? ஆனால், வட்டி முழுவதையும் எடுத்துவிடுவதும் ஆபத்துதான். விலைவாசி ஏற ஏற, காகிதத்தில் முதல் அப்படியே இருக்கும். அதன் மதிப்பு கரைந்துகொண்டே போகும்.

துவாலுவைப் பாருங்கள். பசிபிக்கில் சுமார் பத்தாயிரம் பேர் வாழும் நாடு. 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் கொடையோடு தன் பங்கையும் போட்டு, சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் ஒரு நிதியைத் தொடங்கியது. பணவீக்கத்துக்கு ஈடாக முதலை உயர்த்திய பிறகு மிஞ்சுவதைத்தான் அரசு எடுக்கலாம். அந்த மிச்சமும் தனிக் கணக்கு ஒன்றில் சேர்ந்து, சந்தை சரியும் ஆண்டுகளில் கைகொடுக்கிறது. உங்களுக்கும் அப்படி இரண்டு கணக்குகள் வேண்டும்.

பசிபிக்கின் இன்னொரு தீவு நாடான நவூருவிலும் ஏறக்குறைய அதே அளவு மக்கள்தான். உரத்துக்கு உதவும் பாஸ்பேட் தாதுவை வெட்டி விற்ற பணத்தில் பெரும் நிதி வைத்திருந்தார்கள். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 1993இல் லண்டனில் ஓர் இசைநாடகத்துக்குப் பணம் போட்டார்கள். நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது. பின்னாளில் கட்டடமும் கடனில் போய்விட்டது. நினைத்தாலே மனம் கனக்கிறது. வெட்டியெடுத்த பாஸ்பேட் திரும்ப முளைக்கவா போகிறது?

அறங்காவலர்களில் பாதிக்கு மேல் தீவிலேயே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் எக் தீவை 1997இல் சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய அறக்கட்டளையில், வட்டார மன்றத்துக்கும் ஒரு வனவுயிர் அமைப்புக்கும் இடம் உண்டு. ஆனால் குடியிருப்பவர்களும் அதில் உறுப்பினர்கள். 2008இல் காற்று, நீர், வெயில் மூன்றிலிருந்தும் சொந்தமாக மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. வெளியிலிருந்து யாரோ விதித்திருந்தால் அதை ஊர் ஏற்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெருங்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதமும் ஆண்டுக் கணக்கும் அனுப்புங்கள். நாற்காலி கொடுக்க வேண்டியதில்லை.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். நள்ளிரவில் நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், கூட்டம் கூட்டி முடிவெடுக்க நேரம் இருக்காதே?

பதில் 2:

அதற்குக் கூட்டமே கூடாது. தீவில் வாழும் இருவருக்கு, ஒரு வரம்பு வரை தாமாகவே செலவிடும் அதிகாரத்தை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இதற்கென ஒதுக்கும் கையிருப்பைப் பணமாக மட்டும் வைக்காதீர்கள், டீசலாகவும் வையுங்கள். பணம் கையில் இருந்தும் எண்ணெய் இல்லாமல் படகு நிற்கக்கூடாது. எடுத்த டீசலை அந்த மாதத்துக்குள் திரும்ப நிரப்பிவிட வேண்டும். கணக்கைப் பொதுப் பலகையில் ஒட்டும்போது தேதியும் தொகையும் போதும். நோயாளியின் பெயர் வேண்டாம். எழுபது வீடுகள் உள்ள ஊரில் பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால், உண்மையில் உதவி தேவைப்படுபவர்கள் கேட்கவே கூசுவார்கள்.