வேக்யூம் சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் கண்ணின் முன் அறை சுருங்குகிறது: சென்சார் கோளாறா?

மன்னார்குடி ஓ.டி.:
வணக்கம். சின்ன கண் ஆஸ்பத்திரியில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியனாக இருக்கிறேன். கண்புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ மெஷின், ட்யூபை உருளையால் அழுத்தித் திரவத்தை இழுக்கும் பெரிஸ்டால்டிக் பம்ப் உள்ளது. நேற்று மூன்றாவது கேஸில் டாக்டர் மேடம் நியூக்ளியஸின் (புரை விழுந்த லென்ஸின் கடினமான நடுப்பகுதி) கடைசித் துண்டை இழுத்தார்கள், அது உள்ளே போன அடுத்த நொடியே முன் அறை (கண்ணின் முன்பக்கம் திரவம் நிற்கும் இடம்) சுருங்கி, பின் கேப்ஸ்யூல் (லென்ஸ் உறையின் மெல்லிய பின்சுவர்) ஹேண்ட்பீஸ் முனைக்குப் பக்கத்தில் எழும்பி வந்துவிட்டது. பெடலை உடனே ஒன்றாம் நிலைக்கு (திரவம் உள்ளே போவது மட்டும், உறிஞ்சல் இல்லை) விட்டதால் தப்பித்தோம். எனக்கு இன்னும் கை நடுக்கம் போகவில்லை. வேக்யூம் லிமிட் 350 மி.மீ. பாதரசம், ஃப்ளோ நிமிடத்துக்கு 30 மி.லி., திரவ பாட்டிலின் உயரம் 90 செ.மீ. திரையில் எரர் எதுவும் இல்லை. போர்டா, சென்சாரா? சம்பா அறுப்பு முடிந்து திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து கேம்ப் ஆட்கள் நாளை மறுநாள் ஆபரேஷனுக்கு வருகிறார்கள்.

குடந்தை பயோமெட்:
தம்பி, போர்டைத் திறக்காதே. முனையில் துண்டு அடைத்ததும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், ட்யூபுக்குள் வேக்யூம் ஏறும். சென்சார் 350 என்று சொன்னதும் கன்ட்ரோலர் பம்பை நிறுத்திப் பிடித்து வைக்கும். அந்த நேரத்தில் ட்யூபின் சுவர் உள்பக்கம் அமுங்கியிருக்கும். மூன்றாம் நிலையில் அல்ட்ராசவுண்ட் துண்டை உடைத்ததும் சுவர் விரிந்து கண்ணிலிருந்து திரவத்தை இழுத்துக்கொள்ளும். முன் அறையில் இருப்பதே கால் மில்லி அளவுதான். சென்சார் அழுத்தம் மாறிய பிறகுதான் அதைப் பார்க்கும், அதனால் எரர் வராது. ட்யூப் செட் எத்தனை தடவை ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கம்) ஆகியிருக்கிறது? இளகிப்போன ட்யூப் கூடுதலாக அமுங்கும். முனைக்கு ரப்பர் டெஸ்ட் சேம்பரை (முன் அறைக்குப் பதிலாக மாட்டும் சின்ன ரப்பர் உறை) மாட்டி ப்ரைம் செய் (காற்று போகத் திரவம் நிரப்பு), பெடலை இரண்டாம் நிலையில் (உறிஞ்சலும் சேரும்) வைத்து ஆஸ்பிரேஷன் (உறிஞ்சும்) ட்யூபை மடித்துப் பிடி, 350 வந்ததும் சட்டென்று விடு. ரப்பர் லேசாகக் குழிந்தால் பரவாயில்லை, ஒட்டிப்போனால் ட்யூபைத் தூக்கிப் போடு.

தஞ்சை சிஸ்டர்:
கண்ணாடி பாட்டில்தானே தம்பி? காற்று வழி ஃபில்டரையும் பாருங்கள். பாட்டிலைக் கவிழ்த்து மாட்டும்போது அது நனைந்துவிட்டால் காற்று ஏறாது, திரவம் இறங்குவது குறையும். 90 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 66 மி.மீ. பாதரச அழுத்தம் கிடைக்கவேண்டும், ஆனால் காற்று ஏறாத பாட்டிலில் அது வராது. எங்களுக்கும் ஒரு தடவை இப்படி ஆகி, பாதி நாள் மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மன்னார்குடி ஓ.டி.:
அண்ணே, அக்கா, இரண்டும்தான்! ஃபில்டர் சொதசொதவென்று நனைந்திருந்தது. அதை மாற்றிய பிறகும் பழைய ட்யூபில் ரப்பர் முழுசாக ஒட்டிப்போச்சு, புது செட் போட்டதும் ஓரத்தில் சின்னக் குழிதான், உடனே நிமிர்ந்துகொண்டது. ட்யூப் எத்தனை தடவை ஓடியது என்று எழுதி வைக்கும் பழக்கமே எங்களிடம் இல்லை, இன்று நோட்டுப் போட்டுவிட்டேன். கடைசித் துண்டுக்கு வேக்யூமை 280 வைக்கச் சொல்லி மேடம் சொன்னார்கள். இனி ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால் டெஸ்ட் சேம்பரில் ட்யூபை மடித்து விட்டுப் பார்த்த பிறகுதான் ஹேண்ட்பீஸை அவர்கள் கையில் கொடுப்பேன்.