2,40,000 கி.மீ. ஓடிய டீசல் கார்: அடியில் 'டொக் டொக்' சத்தம், பேரிங்கா இன்ஜெக்டரா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். பழைய டீசல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வு கவர் பக்கம் 'டிக் டிக்' என்கிறது, சூடானதும் அடங்கிவிடும். டேப்பெட்டாக (வால்வைத் தள்ளும் பாகம்) இருக்கும், சரி, அதை விடுங்கள்.

கவலை இன்னொன்று. மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கனமாக 'டொக் டொக்'. நீள ஸ்குரூடிரைவரை என்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டால் சம்ப் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பக்கம்தான் பலமாக இருக்கிறது. ஆயில் அளவு சரி, ஆயில் விளக்கும் எரியவில்லை. எந்த சிலிண்டரில் சத்தம் என்று பார்க்க, இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவதில் மட்டும் சத்தம் பாதியாகக் குறைகிறது.

மெக்கானிக் என்ஜினையே இறக்கணும் என்கிறார் (எதற்கும் அதைத்தான் சொல்வார்). இது கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங்தானா, இன்ஜெக்டரும் இப்படித் தட்டுமா? சம்ப்பை மட்டும் கழற்றி பேரிங்கைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? முதலில் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கட்டுமா? அதுவரை வண்டியை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.