டாக்சின் ஊற்றியும் படிகள் நிற்கவில்லை, என்ன செய்வது? (வெட்டுக்கிளி ஏற்பி, கொழுப்புச் சவ்வு)

கிளித்தலை: வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது கை கொடுங்கள். வெட்டுக்கிளித் தலையின் நரம்புத் திசுவிலிருந்து அசிட்டைல்கோலின் ஏற்பியை (அசிட்டைல்கோலின் ஒட்டியதும் அயனிகளுக்கு வழி திறக்கும் புரதம்) பிரித்து, செயற்கைச் சவ்வில் ஏற்றி, ஒற்றைச் சேனல், அதாவது ஒற்றை அயனி வழி, தரும் மின்னோட்டம் பார்க்கிறேன். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் போய் ஒட்டுவது இந்த ஏற்பியில்தான், கடைசியில் அதையும் ஊற்றிப் பார்க்க ஆசை. ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்டில் கரைத்து, ஆல்பா பங்காரோடாக்சின் (இந்த ஏற்பியில் ஒட்டி அதை அடைக்கும் பாம்பு நஞ்சு) கோத்த தூணில் பிடித்து, அசிட்டைல்கோலின் போலவே ஏற்பியைத் திறக்கும் கார்பக்கால் கொடுத்து இறக்கி, லிப்பிட்டோடு (கொழுப்பு) கலந்து, டிடர்ஜென்ட் வெளியேற நுண்துளைப் பையில் இரண்டு நாள் டயாலிசிஸ் வைத்து லிப்போசோம் (கொழுப்புச் சவ்வாலான நுண்குமிழி) ஆக்கினேன். கோப்பையில் 200 மைக்ரான் துளை, டெக்கேனில் கரைத்த லிப்பிட்டைப் பூசிய சவ்வு, மின்தேக்குத் திறன் 140 பிகோஃபாரட் வருகிறது. லிப்போசோமை ஊற்றிப் பத்து நிமிடத்தில் 60 மில்லிவோல்ட்டில் அழகான படிகள் (சேனல் திறந்து மூடும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறி இறங்குவது) வந்தன. படம் எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பி, இனிப்புகூட வாங்கியாயிற்று! அப்புறம் டாக்சின் ஊற்றினேன், படிகள் அப்படியே இருக்கின்றன. டாக்சின் கெட்டுப்போயிருக்குமோ?

சவ்வுக்காரர்: டாக்சின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கேள்வி. எந்தப் பக்கம் ஊற்றினீர்கள்? லிப்போசோமில் ஏற்பி உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பார்த்து உட்காராது, பாதி தலைகீழாகத்தான் இருக்கும். மருந்து ஒட்டும் முகம் எந்த அறையைப் பார்க்கிறதோ அங்கே டாக்சின் போக வேண்டும், அதனால் இரண்டு பக்கமும் ஊற்றுங்கள். இன்னொன்று, இது மெதுவாகத்தான் ஒட்டும், 100 நானோமோலார் என்றாலும் பத்து நிமிடமாவது பொறுங்கள். ஊற்றிய கையோடு திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கக் கூடாது.

கிளித்தலை: இரண்டு பக்கமும் ஊற்றி அரை மணி நேரம் இருந்துவிட்டேன் அண்ணா. அப்படியேதான் இருக்கிறது. பூச்சியில் இந்த டாக்சினுக்கு அடங்காத அசிட்டைல்கோலின் ஏற்பிகளும் உண்டு என்று படித்தேனே, அதுவாக இருக்குமா?

மீனா அக்கா: தம்பி, அந்த வகை உண்டுதான். ஆனால் நீ புரதத்தைப் பிடித்ததே டாக்சின் தூணில். டாக்சினுக்கு அடங்காதது தூணில் எப்படி ஒட்டியது? கழுவும்போதே ஓடியிருக்குமே. சரி, படிகளின் உயரம் என்ன? எல்லாம் ஒரே அளவா?

கிளித்தலை: அங்கேதான் எனக்கும் இடிக்கிறது அக்கா. 1 பிகோஆம்பியரும் வருகிறது, 3ம் வருகிறது, சில நேரம் 7 வரை போகிறது. துணை நிலைகள், அதாவது சேனல் அரைகுறையாகத் திறப்பது, என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். கார்பக்கால் சேர்க்காமலும் வருகிறது, தூணிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மிச்சம் வேலை செய்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மீனா அக்கா: காரணம் நிறைய வைத்திருக்கிறாய், கன்ட்ரோல்தான் வைக்கவில்லை. புரதமே போடாமல், அதே லிப்பிட், அதே ட்ரைட்டான், அதே டயாலிசிஸ் பை, அதே இரண்டு நாள் என்று ஒரு வெற்று லிப்போசோம் செய்து ஊற்று. அதிலும் படி வந்தால் உன் சேனலின் பெயர் ட்ரைட்டான். மைசெல் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் கூடிய உருண்டை) உண்டாகும் அளவுக்குக் கீழே இருந்தால்கூட அது சவ்வில் படிபடியாக மின்னோட்டம் கொடுக்கும், 1977லேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தாயிற்று. டயாலிசிஸில் ட்ரைட்டான் போகவே போகாது. மைசெல்லாகக் கூடிக்கொள்ளும் அளவு அதற்கு 0.2 மில்லிமோலார் சுற்றித்தான், அதற்கு மேல் இருப்பதெல்லாம் பெரிய மைசெல்லாகப் பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வேறு டிடர்ஜென்டுகளைப் பார், கோலேட்டுக்கு அந்த அளவு 10 மில்லிமோலாருக்கு மேல், ஆக்டைல் குளுக்கோசைடுக்கு 20க்கு மேல். அவை தனித்தனி மூலக்கூறாகவே நிறைய இருக்கும், பையின் துளை வழியாக வெளியே வந்துவிடும். இரண்டு நாள் என்ன, இரண்டு வாரம் வைத்தாலும் ட்ரைட்டான் அசையாது.

சவ்வுக்காரர்: அக்கா சொல்வது சரி, நான் பக்கத்தைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். தம்பி, தூணிலிருந்து வந்த புரதத்தை எப்படி அளந்தாய்?

கிளித்தலை: 280 நானோமீட்டரில். நல்ல உச்சி வந்தது.

சவ்வுக்காரர்: ட்ரைட்டானில் பென்சீன் வளையம் இருக்கிறது, அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சும். உச்சி யாருடையது என்று இப்போது யோசி. டயாலிசிஸ் பையைக் குலுக்கினால் நுரை நிற்கிறதா?

கிளித்தலை: நிற்கிறது. இன்று காலையிலும் இருந்தது. எனக்கு வயிறு கலங்குகிறது.

(நான்கு நாள் கழித்து)

கிளித்தலை: வெற்று லிப்போசோமிலும் அதே படிகள். படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. இனிப்பு வாங்கியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி. அடுத்து என்ன செய்யட்டும்?

மீனா அக்கா: எல்லோரும் ஒருமுறை இப்படி இனிப்பு வாங்கியவர்கள்தான், விடு. புரதம் தூணில் ஒட்டியிருக்கும்போதே ட்ரைட்டான் இல்லாத, கோலேட் போட்ட கரைசலால் நன்றாகக் கழுவு, பத்து மடங்கு கன அளவாவது ஓடட்டும். பிறகு இறக்கு. டயாலிசிஸ் அப்போது நிஜமாகவே வேலை செய்யும், கார்பக்கால் மிச்சமும் அதிலேயே போய்விடும். இன்னும் சந்தேகம் இருந்தால் பயோ-பீட்ஸ் மணிகளைப் போடு, அது ட்ரைட்டானை இழுத்துக்கொள்ளும். லிப்பிட்டையும் கொஞ்சம் விழுங்கும் என்பதால் அள்ளிக் கொட்டாதே.

சவ்வுக்காரர்: அதற்குப் பிறகு ஒன்றுமே வராமல் சவ்வு அமைதியாக இருந்தால் பயப்படாதே, அது நல்ல அறிகுறி. அசிட்டைல்கோலினை மில்லிமோலார் கணக்கில் முன்கூட்டியே ஊற்றி வைத்தால் ஏற்பி சோர்ந்து மூடிக்கொள்ளும். தலைத் திசுவில் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் ஏராளம், கொஞ்சம் கூட வந்திருந்தாலும் நீ ஊற்றுவதை அது தின்றுவிடும். அதனால் அந்த நொதிக்கு உடையாத கார்பக்காலே வை, மைக்ரோமோலாரில் தொடங்கு. தடுப்பதற்கு டாக்சினோடு டியூபோகியூராரின் என்ற தடுப்பானும் வாங்கு, அதைக் கழுவி எடுக்கலாம், சேனல் திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். 1986ல் ஹாங்கேயும் ப்ரேயரும் இதே வெட்டுக்கிளி ஏற்பியைச் சவ்வில் ஏற்றிக் காட்டினார்கள், ஆகவே முடியாத காரியம் இல்லை. சவ்வு சவ்வுதானா, தடித்த டெக்கேன் படலமா என்று சந்தேகம் வந்தால் தானே சேனல் உண்டாக்கும் கிராமிசிடின் ஒரு துளி போடு. இரு பக்க மூலக்கூறும் நடுவில் கைகோத்தால்தான் அது திறக்கும், படலம் தடித்திருந்தால் வராது.

கிளித்தலை: எழுதிக்கொண்டேன். திங்கள்கிழமை புதுத் தலைகள் வருகின்றன. வெற்று லிப்போசோமை முதலில் ஊற்றிவிட்டுத்தான் மற்றது. பயோ-பீட்ஸை மெத்தனாலில் கழுவச் சொல்கிறார்கள், அதற்குப் பிறகு தண்ணீரில் எத்தனை முறை?

மீனா அக்கா: கணக்கெல்லாம் இல்லை தம்பி. மெத்தனால் வாசம் போன பிறகும் இரண்டு முறை.